சந்தை நாளில் வெட்டிய சுவர்

ஜீவானந்தத்தின் வலது மணிக்கட்டு போய்விட்டது. போய்விட்டது என்றால் அறுந்து விழவில்லை, இருக்கிற இடத்தில்தான் இருந்தது. ஆனால் சுத்தியலைப் பிடித்து நாலு அடி அடித்தால் விரல்கள் தாமாக விரிந்துகொள்ளும், சுத்தியல் தரையில் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வயரிங் வேலைக்காக ஊர் ஊராகச் சுவர் கொத்திச் சம்பாதித்த வரம் அது. நாமக்கல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் சுத்தியலைத் தொடக்கூடாது என்று ஒரே வரியில் முடித்தார். முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார். அவருக்கென்ன.

சுத்தியலைத் தொடாத வயர்மேன் என்ன செய்வான்? சுவருக்குள் பைப்பைப் புதைத்து அதற்குள் வயர் இழுக்கிற வேலையில் முக்கால்வாசி கொத்துகிற வேலைதான். அண்ணன் மருதாசலம் ஒரு வழி சொன்னார். அவரும் வயர்மேன், உளியும் சுத்தியலுமாக ஆட்களை வைத்து மேய்க்கிறவர். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறது, தங்க ரூம் கொடுப்பார்கள், கேட்டைத் திறந்து மூடினால் போதும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த நல்ல எண்ணத்தைக் கேட்டதும் ஜீவானந்தத்தின் மனைவி பிரபாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் அவர்களுக்கு இருந்த நிலம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சோறு போட்டது வயரிங்தான். சோற்றை விடுங்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்து மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, முதல் பல்பு எரிவதைப் பார்த்துத் திரும்பும்போது ஜீவானந்தத்தின் முகத்தில் ஒரு களை வரும். அந்த முகம் கோழிப்பண்ணைக் கேட்டோரம் ஸ்டூல் போட்டு உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "கை போனா என்னுங்க, நான் ஒருத்தி இருக்கறேனில்ல" என்றாள். அவன் சிரித்தான். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஆண்களுக்கு அந்த மட்டில்தான் புத்தி ஓடும்.

அவள் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் சுவர் வெட்டுகிற மெஷின் பழையது ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, விடிவதற்குள் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிட்டாள். ஒரே மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டத் தகடுகள். சுவரில் வைத்து இழுத்தால் இரண்டு கோடாக வெட்டிக்கொண்டு போகும். நடுவில் நிற்கிற பட்டையை நெம்பி எடுத்தால் பைப் உட்காரும் நீளப் பள்ளம், அதாவது காடி, தயார். மாட்டுக் கொட்டகைச் சுவரில் வைத்துத்தான் பழகினாள். முதலில் கோணல், அப்புறம் கொஞ்சம் கோணல், அப்புறம் நேர். சுவர் முழுக்கக் கோடு விழுந்து, எருமை எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றது.

மருதாசலம் வந்து பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்முணி, மாட்டுக் கொட்டாயி வேற, மத்தவிய ஊடு வேற" என்றார். அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மெஷினை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதை ஒரு பொம்பளை பிடிப்பதை எங்கே பார்ப்பது.

கொல்லிமலை மேலே வளப்பூரில் காளியண்ணன் என்கிற மிளகுக்காரர் புது வீடு கட்டியிருந்தார். "நம்ம ஊடு முச்சூடும் சிமெண்டு. ஒரு வயரு வெளிய தெரியாது, பாருங்க" என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில்வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். வயரிங்குக்குப் பேசியது மருதாசலத்தைத்தான். அவருடைய ஆட்கள் மேலே போய் உளியை வைத்து முதல் அறையில் பத்து அடி அடித்தார்கள். அவ்வளவுதான், பாய் அகலத்துக்குப் பூச்சு பொத்தென்று விழுந்தது. உள்ளே பார்த்தால் சிமெண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல முடியாது, மண்தான் இருந்தது. செங்கல்லைச் செம்மண் குழைத்துக் கட்டி, மேலே மட்டும் மெல்லிசாகச் சிமெண்டு பூசியிருந்தார் காளியண்ணன். ஆற்று மணல் லாரி ஏறி அத்தனை வளைவும் சுற்றி மலைக்கு வந்து சேர்வதற்குள் என்ன விலை ஆகும் என்று மலைக்காரனைக் கேட்டால்தான் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கொத்த வந்தவர்களிடமும் சொல்லவில்லை. வைத்தியரிடம் நோயை மறைக்கிற ஆட்கள் உண்டல்லவா, அந்தக் கணக்கு.

மண் கட்டுச் சுவரில் சுத்தியல் அடி விழுந்தால் அதிர்ச்சி சுவர் முழுக்க ஓடும், செங்கல் ஆடும். மருதாசலம் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். "இதுல கட்டையை அடிச்சு மேலாலதான் வயரு ஓட்டோணும். உள்ள புதைக்கறதுன்னா செவுத்தை இடிச்சிட்டுப் புதுசாக் கட்டோணும்" என்றார் தம்பி வீட்டில் டம்ளரைக் கீழே வைத்தபடி. காளியண்ணன் அழாத குறையாகக் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே மண் என்பதை ஊருக்குள் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மருதாசலத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிரபாவதி சிரிக்கவில்லை. "அடிச்சாத்தானுங்க மாமா அதுரும். வெட்டுனா அதுராதுங்களே" என்றாள்.

மருதாசலம் அவளையும் பார்த்தார், மூலையில் சாக்குக்குள் கிடந்த மெஷினையும் பார்த்தார். "செரி. வெட்டிப் பாரு. வெட்டிட்டீன்னா இனி நான் வாயைத் தொறக்க மாட்டேன். செவுரு உளுந்துச்சுன்னா தம்பி பண்ணைக்குப் போயிரோணும். அதுக்கப்புறம் மெஷினு கிஷினுன்னு பேச்சே இருக்கக் கூடாது."

அவள் பதில் சொல்வதற்குள் ஜீவானந்தம் முந்திக்கொண்டான். "செரிங்கண்ணா" என்றான். வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அப்படிச் சொன்னது மெஷின்மேல் இருந்த நம்பிக்கையில் அல்ல. இந்த இழுபறி எப்படியாவது ஒரு முடிவுக்கு வரட்டும் என்ற அலுப்பில். அது பிரபாவதிக்குத் தெரிந்தது.

மறுநாள் மெஷின் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜீவானந்தத்தோடு பஸ்ஸில் மலை ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் அது அவள் தொடையை நசுக்கியது. செம்மேட்டில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வளப்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது காளியண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். மெஷினை யார் பிடிப்பது என்று தெரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. ஆனால் வேறு ஆள் யார் வருகிறார்? பால் காய்ச்சுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

பக்கத்திலேயே இருந்த காளியண்ணனின் பழைய வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து வந்து மெஷினுக்குக் கொடுத்தார்கள். ஜீவானந்தம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சாயத்தில் தோய்த்த நூலைச் சுவரில் தட்டினான். நேர்க்கோடு விழுந்தது. பிரபாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவனின் பழைய சட்டையை மேலே மாட்டி, மூக்குக்கும் வாய்க்கும் துண்டைக் கட்டிக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள்.

மெஷின் முனகியது. மாட்டுக் கொட்டகையில் கேட்ட சத்தமே இல்லை, காய்ச்சல்காரன் போல ஒரு முனகல். சுவரில் வைத்து ஒரு சாண் இழுத்திருப்பாள், தகடு சிக்கி நின்றது. உருவி எடுக்கும்போது பூச்சு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து வந்து காலடியில் உடைந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி சிக்கியது. மெஷின் சூடேறி ஒரு நாற்றம் கிளம்பியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த யாரோ இரண்டு பேர் சன்னல் ஓரம் கமுக்கமாகச் சிரித்தார்கள். உள்ளே மண் தெரிந்துவிடாமல் காளியண்ணன் சன்னலை மறைத்து நின்று, உடைந்த பூச்சை எடுத்து, ஒட்டவைத்துவிடலாம் என்பதுபோல அதே இடத்தில் பொருத்திப் பார்த்தார்.

"போதும் பிரபா" என்றான் ஜீவானந்தம் மெதுவாக. "அந்த மனுசனோட ஊட்டையும் கெடுக்க வேண்டாம். நான் பண்ணைக்கே போயிக்கறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை. துண்டை அவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள், செங்கல் தூள் கண்ணுக்குள் போய் இன்னும் எரிந்தது. எதற்காக இந்தப் பாடு, இவ்வளவு தூரம் வந்து ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கவா என்று நினைத்தாள்.

காளியண்ணனின் மனைவி பாவாயி அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற ஆள் இல்லை. "வந்து ஒரு வாய் தின்னுங்க கண்ணு. செவுரு எங்கயும் ஓடிப் போயராது" என்று பழைய வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் போட்டாள். உள்ளே இருட்டாக இருந்ததால் லைட்டைப் போட்டாள். பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"இது எப்பவும் இப்படித்தான்" என்று பாவாயி குறைப்பட்டுக்கொண்டாள். "அப்பாசாமி அண்ணன் மாவு மில்லைப் போட்டாருன்னா இது செத்துப் போயிரும். சந்தையன்னிக்கு மட்டும் பாக்கோணும், கண்ணு கூசும்."

பிரபாவதியின் கையில் சோறு அப்படியே நின்றது. "சந்தையன்னிக்கு ஏனுங்கக்கா?"

"மில்லுக்காரரு சந்தைக்குப் போயிருவாரில்ல. தோட்டத்து மோட்டாரு போடறவியளும் போயிருவாங்க. ஊரே செம்மேட்டுச் சந்தையில கெடக்கும். அன்னிக்கு இங்க கரண்டு தின்னுறதுக்கு ஆளு ஏது?"

பிரபாவதி ஜீவானந்தத்தைப் பார்த்தாள். அவனும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். பதினைந்து வீட்டு மின்சாரத்தை ஒரு மில் குடித்துவிட்டால் மெஷினுக்கு என்ன மிஞ்சும்? மெஷின்மேல் தப்பு இல்லை, அவள் கைமேலும் தப்பு இல்லை. வயர்மேன் அவன்தானே, அவனுக்கே இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மனசு அதற்கு முன்பே கோழிப்பண்ணைக்குப் போய்விட்டிருந்தது, அதனால்தான்.

"சந்தை என்னிக்குங்க?" என்றாள்.

"நாளைக்கு."

காளியண்ணனிடம் சொன்னபோது அவர் ஒப்பவே இல்லை. சந்தை நாளில் அந்த ஊரில் யாரும் வேலைக்கு ஆள் வைப்பதில்லை. சந்தைக்குப் போகாத வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும் அல்லது சண்டை நடந்திருக்க வேண்டும், அப்படித்தான் எண்ணம். வீட்டுக்காரரே இல்லாமல் வேலை நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். "ஊரு எங்க இருக்கும்? சந்தையிலதான இருக்கும்? நீங்க மொளகைக் கொண்டுபோயிப் போடுங்க. நான் இருந்துக்கறேன்" என்று பாவாயி முடித்து வைத்தாள். ஒரு மலைக்காரி தன் சந்தை நாளை விட்டுக்கொடுப்பது சாதாரணக் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்துப் பேச்சு, பார்வை, வளையல், பலகாரம் எல்லாம் அதில் அடங்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே ஊர் காலியானது. மிளகு மூட்டை, மரவள்ளிக் கிழங்கு, கோழி, குழந்தை எல்லாம் ஏறிப் போயின. மில் கதவைச் சாத்தியாயிற்று. பிரபாவதி முதலில் பழைய வீட்டுக்குள் போய் லைட்டைப் போட்டாள். நிஜமாகவே கண் கூசியது.

மெஷினை அழுத்தினாள். அது போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த காக்கைகள் கிளம்பின. ஜீவானந்தம் தட்டிய நூல் கோட்டில் தகட்டை வைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி இழுத்தாள். சிக்கவில்லை. ஒரு சாண் போனது, ஒரு முழம் போனது. சுவர் அசையவில்லை, ஒரு செங்கல் ஆடவில்லை, பூச்சு ஒரு விரற்கடை பெயரவில்லை. மேலிருந்து சுவிட்ச் பெட்டி வரவேண்டிய இடம் வரைக்கும் இரண்டு கோடு, பேனா பிடித்து எழுதிய மாதிரி நின்றன. நடுவில் நின்ற பட்டையை ஜீவானந்தம் இடது கையால் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினான். சிமெண்டுப் பூச்சும் செங்கல் துண்டும் உள்ளே இருந்த செம்மண்ணும் பொலபொலவென்று வந்தன. உளி தேவைப்படவில்லை. சுத்தியல் மூட்டைக்குள்ளேயே கிடந்தது.

"பிரபா" என்றான் அவன்.

"அடுத்த நூலைத் தட்டுங்க. பேசிட்டு நிக்காதீங்க" என்றாள் அவள். துண்டுக்குள் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் வேலை ஓடிய ஓட்டம் இருக்கிறதே. அவன் தட்டத் தட்ட அவள் வெட்டினாள். ஹால், படுக்கிற அறை, சமையல்கட்டு என்று போய்க்கொண்டே இருந்தாள். வீடெல்லாம் சிவப்புப் புகையாய்த் தூசி எழுந்தது. பாவாயி தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்று, இருமிக்கொண்டே, உள்ளே எட்டிப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள். மருதாசலத்தின் ஆட்கள் நாள் கணக்கில் கொத்த வேண்டியதை இவர்கள் உச்சிப் பொழுதுக்குள் பாதி தாண்டிவிட்டார்கள். சுத்தியலைப் பிடிக்கக்கூடாத மனிதன் ஒரு தடவைகூடக் கையைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வேலை நாளை பிரபாவதி பார்த்ததில்லை.

வெயில் சாய்ந்தது. கடைசியாக நடுச்சுவர் மிச்சம் இருந்தது, வீட்டிலேயே உயரமான சுவர். ஸ்டூல்மேல் ஏறிப் பாதி வெட்டியிருப்பாள், பஸ் ஹாரன் கேட்டது. ஊர் திரும்பிவிட்டது. அப்பாசாமி வந்து மில்லைப் போட்டால் தகடு சுவருக்குள் பாதியிலேயே சிக்கி நிற்கும். அந்த உயரத்தில் சிக்கினால் உருவும்போது என்ன பெயர்ந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்தவில்லை, சீராக இழுத்துக்கொண்டே வந்தாள்.

பாவாயி செம்பை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாவிக்கொத்தோடு மில் பக்கம் திரும்பிய அப்பாசாமியை வழி மறித்தாள். "அண்ணா, மில்லு எங்க போயிருது? வந்து எங்கூட்டுல ஒரு அதிசயம் நடக்குது, பாத்துட்டுப் போங்க" என்றாள். அதிசயம் என்றால் எந்த மலைக்காரன் வராமல் நிற்பான்? அப்பாசாமி வந்தார், அவருக்குப் பின்னால் பஸ்ஸில் இறங்கிய அத்தனை பேரும் வந்தார்கள், மூட்டையும் முடிச்சும் கோழியுமாக. தம்பியைக் கையோடு கூட்டிப்போய்ப் பண்ணையில் விட்டுவிடலாம் என்று அதே பஸ்ஸில் கிளம்பி வந்திருந்த மருதாசலமும் வந்தார்.

வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே தலை முதல் கால்வரை சிவப்பாக ஒரு பெண் ஸ்டூல்மேல் நின்று சுவரை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பாசாமி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார், மில்லை மறந்தே போனார். பிரபாவதி கோட்டின் அடிவரை வந்து, தகட்டை மெதுவாக வெளியே எடுத்து, சுவிட்சை விட்டாள். திடீரென்று வந்த அமைதியில் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. ஜீவானந்தம் பட்டையை நெம்பி எடுத்தான். சுவர் நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளியண்ணன் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதெல்லாம் ஒரு நிமிஷம்தான். எல்லாக் காடியிலும் செம்மண் பளிச்சென்று தெரிந்தது. மறைத்து மறைத்து வைத்த மண், இப்போது ஊரே பார்க்க ஒவ்வொரு சுவரிலும் கோடு கோடாகத் தெரிந்தது. அவர் முகம் செத்துப்போனது. பிரபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை வேகத்தில் அந்த மனிதரின் மானத்தை அவள் மறந்தேபோயிருந்தாள்.

அப்பாசாமி கிட்டே வந்து காடிக்குள் விரலை விட்டு, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "மண்ணுதானா, காளியண்ணா?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கூடும் மண்ணுதான்" என்றார் அப்பாசாமி. "எவன்கிட்டயும் சொல்லல. கொத்துனா உளுந்துரும்னு பயந்துக்கிட்டுத்தான் வயரை வெளிய தொங்க விட்டிருக்கறேன்."

பின்னாலிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்து, தன் வீடும் அப்படித்தான் என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்களுது மட்டும் என்ன, கோட்டையா?" என்றாள். அப்புறம் பார்க்க வேண்டுமே. காளியண்ணன் வீட்டு வரிசையில் சிமெண்டு வீடு என்று பெருமை பேசிய அத்தனை வீடும் மண்ணில் கட்டிச் சிமெண்டில் முகம் கழுவிய வீடுகள்தான். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை நாள் பயந்து செத்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது காளியண்ணன்தான், கண்ணில் தண்ணீர் வர வர அவர் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் அப்பாசாமி ஜீவானந்தத்தைப் பார்த்து, "எங்கூட்டுக்கு எப்ப வாரீங்க?" என்றார்.

"அவளைக் கேளுங்க. மெஷினு அவளுது. நான் நூல் தட்டறவன்" என்றான் ஜீவானந்தம். அவன் முகத்தில் அந்தக் களை இருந்தது. இன்னும் ஒரு பல்புகூட எரியவில்லை, ஆனாலும் இருந்தது. பிரபாவதி அதைப் பார்த்துவிட்டாள்.

மருதாசலம் சுவருக்குக் கிட்டே வந்தார். நடுச்சுவரை உள்ளங்கையால் அழுத்தினார், தோள் கொடுத்துத் தள்ளினார், காடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். சுவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. திரும்பித் தம்பியிடம், "பண்ணையில வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிர்றேன்" என்றார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டார். அப்புறம் பிரபாவதியிடம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில், "அம்முணி, ராசிபுரத்துல ஒரு மாடி ஊடு எடுத்திருக்கறேன். பசங்க கொத்திக் கொத்திச் சாகறாங்க. நீ வந்து வெட்டிக் குடுப்பியா?" என்றார்.

அவளுக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும்போல இருந்தது. குதிக்கவில்லை. முகத்துத் துண்டை அவிழ்த்து, தூசியை உதறி மடித்து, வாசலில் தன் பதிலுக்காகக் காத்து நின்ற கூட்டத்தை ஒருதரம் பார்த்தாள்.

"வாரேனுங்க மாமா" என்றாள். "இந்த வரிசை முடியட்டும்."